கோட்டோரம் நின்றவர்கள்

2014-ல் ஐ.எஸ்.எல். கால்பந்து தொடங்கிய முதல் வருடமே லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது நம் சென்னையின் எஃப்.சி. எலானோ எட்டு கோல் போட்டுத் தங்கக் காலணியை வாங்கினார். ஆனால் முதலிடம் பிடித்த அணிக்குக் கொடுக்க அப்போது எந்தப் பரிசும் இல்லை. அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-3 என்று தோற்றதோடு கதை முடிந்தது.

"பதினாலு மேட்ச் ஆடி மொதல்ல வந்தவனுக்கு ஒண்ணும் கெடையாது. கடைசி ரெண்டு வாரம் நல்லா ஆடுனவனுக்குக் கப்பு. இது லீகாடா, லாட்டரியாடா?" என்று அன்றைக்கே கேட்டார் என் சித்தப்பா. லீக் சுற்றில் முதலில் வருகிறவர்களுக்கு ஒரு கேடயம் என்ற ஏற்பாடு 2019-20 சீசனில்தான் வந்தது. சித்தப்பா சொல்லி வரவில்லை. அவரைப் போல நாடு முழுக்க எத்தனையோ பேர் அதையே சொல்லியிருப்பார்கள். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

பெரம்பூரில் நான் வளர்ந்த நாட்களில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. சொல்ல வேண்டியதைக் கோட்டோரம் நின்று சொன்னோம். மெட்ராஸ் லீக்கில் அப்போது பெரிய பெயர்கள் எல்லாம் ஆபீஸ் டீம்கள்தான்: ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ். ஆட்டக்காரர் காலையில் கையெழுத்துப் போட்டு வேலை பார்த்துவிட்டு, மாலையில் பூட்ஸ் மாட்டுவார். சித்தப்பா கீழ் டிவிஷனில் லெஃப்ட் பேக். முட்டி போன பிறகு மேட்ச் பார்ப்பது மட்டும் மிச்சம். என்னையும் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போவார். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். தாண்டினால் போலீஸ் வராது. பக்கத்தில் நிற்கும் பெரியவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பார்.

ஒரு மாலை இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. ஒரு ஆபீஸ் டீமின் சென்டர் ஃபார்வர்டுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். கோட்டோரம் நின்ற ரிட்டயர்டு ஃபிட்டர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கோச் நாலு அடி தள்ளி மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார். "சார், பையன் வலது காலை ஊன மாட்டேன்றான் பாருங்க. மாத்துங்க." கோச் திரும்பி, "அவன் நின்னாலே ரெண்டு பேக் அவன்கிட்டயே நிப்பான்யா. அதுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்றார். "நிக்கட்டும். நாளைக்கு அவன் நடக்க வேணாமா?" ஆட்டம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்க, இருவரும் இந்தப் பக்கம் வாதாடினார்கள். கொஞ்ச நேரத்தில் கோச் எழுந்து கையைத் தூக்கி ஆளை மாற்றினார். ஃபிட்டர் ஜெயித்த முகம் எதுவும் காட்டவில்லை. வெளியே வந்த பையனைப் புல்லில் படுக்கவைத்து, பாதத்தைப் பிடித்து மேலே தள்ளி நரம்பை இழுத்துவிட்டார். அவன் கத்தியது எனக்குக் கேட்டது.

கோச் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதைவிட, அவர் திரும்பி பதில் சொன்னாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரசிகர் கேட்டார், கோச் விளக்கினார், ரசிகர் மறுத்தார். இன்றைக்கு எந்த அணியின் பத்திரிகையாளர் சந்திப்பிலும் நான் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ரெஃப்ரியை அடிக்கத் துரத்துவதைப் பார்த்திருக்கிறேன். கோட்டோரம் பெண்கள் யாரும் நின்றதில்லை. பந்தை என்னைவிட நன்றாக உதைக்கும் என் அக்கா ஒரு லீக் மேட்ச்சுக்குக்கூட வந்ததில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை. இன்று என் மகள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கேலரியில் தோழிகளோடு தொண்டை கட்டும் வரை கத்துகிறாள். ஸ்டேடியம் செய்த மிகப் பெரிய நன்மை இது. இதை விட்டுக்கொடுத்துப் பழைய மைதானம் திரும்பி வர வேண்டும் என்றால் எனக்கு வேண்டாம்.

பெரியமேட்டில் இப்போதிருக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் 1993-ல் கட்டி முடிந்தது. அதே இடத்தில் இருந்த பழைய ஸ்டேடியத்தில்தான் ஒரு காலத்தில் டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. புது ஸ்டேடியத்தில் அந்த வருடமே நேரு கோப்பை நடந்து, வட கொரியா ஜெயித்துக்கொண்டு போனது. ராத்திரி வெளிச்சத்தில் அவ்வளவு பச்சையாகப் புல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் புல்லுக்கும் கேலரிக்கும் நடுவே ஓடுபாதை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நம்மூர் ரசிகன் கோச்சைப் பார்க்கலாம். கோச்சுக்கு அவன் சொல்வது கேட்காது.

கேட்காத இடத்தில் இருந்துகொண்டுதான் பிற்பாடு நாங்கள் உலகப் புகழ் பெற்ற கோச்சுகளைப் பற்றி எல்லாம் தீர்ப்புச் சொன்னோம். முதலில் வந்தவர் மார்கோ மாடராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் கோல் அடித்தவர், ஜிடேன் தலையால் முட்டியது இவர் நெஞ்சில்தான். முதல் வருடம் ஆட்டக்காரர், கோச் இரண்டுமே அவர்தான். 2015 சீசனின் நடுவில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தபோது, "பேரைப் பாத்துக் கோச் வேலை குடுத்தா இப்டித்தான்" என்று பேசாத ஆளில்லை. நானும் பேசினேன். பிறகு வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்குப் போனார்கள். அப்போது சென்னை வெள்ளத்தில் கிடந்தது. நம் வீட்டு ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். 3-0 என்று கொல்கத்தாவை அடித்தபோது அதை நேரில் பார்க்க சென்னைக்காரர்கள் இல்லை. வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக்கொட்டிய கையோடு பக்கத்துத் தெருவில் கரண்ட் இருந்த வீட்டில் போய்ப் பார்த்தோம்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டாவில் இறுதி. 87-வது நிமிடம் கோவா 2-1 என்று முன்னால் போனது. 90-வது நிமிடம் கோவா கோலி கட்டிமணியின் மேல் பட்டு பந்து உள்ளே போனது. இஞ்சுரி டைமில் மெண்டோசா மூன்றாவது கோல் போட்டார். எங்கள் தெருவில் அந்த மாதம் கேட்ட முதல் சந்தோஷச் சத்தம் அதுதான். மறுநாள் காலை மாடராஸியைத் திட்டியவர் ஒருவரும் கிடைக்கவில்லை.

ரசிகனின் கருத்து இப்படிப் புரளும் என்பதால் அதை மதிக்கத் தேவையில்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. புரண்டது ரசிகன் மட்டும் அல்ல. பின்னால் வந்த கோச் ஜான் கிரெகரி விஷயத்தைப் பாருங்கள். அவர் ஆட்டம் கண்ணுக்கு இனிமை இல்லை, கார்னரையும் ஃப்ரீகிக்கையும் நம்பியே ஓட்டுகிறார் என்று கேலரியில் ஒரு பாதி சொன்னது. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவாவில் இறுதி. ஒன்பதாவது நிமிடமே பெங்களூருவின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். கிரெகரியின் அணி திருப்பிக் கொடுத்தது எதில்? கார்னரில்தான். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு தடவை தலையால் முட்டினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது போட்டார், 3-2. இரண்டாவது கப்பு. அடுத்த சீசனில் அதே கோச், 18 மேட்ச்சில் ஒன்பது புள்ளி, கடைசி இடம். 2019 இறுதியில் அவர் போனார், ஓவன் கோய்ல் வந்தார். அடியில் கிடந்த அணியை அதே சீசனில் இறுதி வரை கொண்டு போனார். அவரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அபூர்வமாக ஒன்றுசேர்ந்த கருத்து அது. கோய்ல் போய்விட்டார். போனவர் 2021-22-ல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் கேடயத்தை வாங்கிக் கொடுத்தார். 2023-ல் திரும்ப இங்கே வந்தார். முதல் வருடம் ஆறாவது இடம், அடுத்த வருடம் பதினொன்றாவது.

இதே வேளையில், நம் பேரைத் தாங்கிய இன்னொரு அணியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னையின் எஃப்.சி. கடைசியில் கிடந்த அதே 2018-19 சீசனில், சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கை ஜெயித்தது. பெயரில் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். பெட்ரோ மான்ஸி 21 கோல். நீலாங்கரைப் பையன் எட்வின் வான்ஸ்பால் உட்பட நம் பிள்ளைகள் பலர் அந்த அணியில். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வாவை 3-1 என்று ஜெயித்தபோது கோவை ஸ்டேடியம் ஆடியது. தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீக்கை ஜெயித்தது அதுவே முதல் தடவை. சென்னையில் அன்று ஒரு பட்டாசும் வெடிக்கவில்லை. சித்தப்பா மட்டும் இனிப்பு வாங்கி வந்தார்.

ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு லீக். எது பெரியது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. அடுத்த சீசனில் ஐ.எஸ்.எல்.தான் முதல் லீக் என்று மேலே முடிவானது. சென்னை சிட்டி 2021-க்குப் பிறகு லீக்கிலேயே இல்லை. ஆசியாவில் ஆடுகிறோமே என்று சந்தோஷப்பட்ட 2019-லும், சென்னையின் எஃப்.சி. தன் ஏ.எஃப்.சி. கோப்பை வீட்டு ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆடியது. ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ஊரில் ஆடாத அணிகளை நாங்கள் அந்த வருடங்களில் நிறையப் பார்த்துவிட்டோம்.

வெளிநாட்டு ஆட்டக்காரர் விதியில்தான் ரசிகர்கள் சொன்னது மெல்ல மெல்ல நடந்தது. 2014-ல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை நிற்கலாம். இந்தியர் ஐந்து பேர் இருந்தால் போதும். 2017-18-ல் இந்தியர் ஆறு, 2021-22-ல் ஏழு. வியாசர்பாடியில் எந்தச் சந்தில் போய்க் கேட்டாலும் இதை முன்பே சொல்லியிருப்பார்கள். அங்கிருந்து வந்த தனபால் கணேஷ் 2018-ல் கப்பு வாங்கிய அணியில் நடுக்களத்தில் நின்றவர். ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடிய நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டுக் கொல்கத்தாவின் பாதியைத் தூக்கம் இல்லாமல் ஆக்கினார். அவரும் சென்னைப் பையன்தான். ஆனால் விதி ஏழு என்று சொன்னாலும், சென்டர் ஃபார்வர்ட் இடத்தை மட்டும் பெரும்பாலான அணிகள் வெளிநாட்டவருக்கே வைத்திருந்தன. அதன் பலனை 2025 மார்ச்சில் பார்த்தோம். 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரியை நாற்பது வயதில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். எனக்கு அவரைப் பார்த்ததில் சந்தோஷம், நாட்டை நினைத்ததில் வருத்தம்.

இனி ஸ்டேடியத்தின் சட்டங்கள். வெளியூர் மேட்ச் ஒன்றுக்குச் சித்தப்பாவைக் கூட்டிப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம், பெரும்பாலான ஊர்களில் நடைமுறை ஒன்றுதான். தண்ணீர் பாட்டில் கூடாது, பவர் பேங்க் கூடாது, குடை கூடாது, கொடிக்குக் கம்பு கூடாது. பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே காட்ட வேண்டும். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் பாதி அளவுக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள். சித்தப்பா மடித்த கைக்குட்டையில் பஸ்ஸுக்கென்று சில்லறை முடிந்து வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டார். ஒரு நாணயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, வெளிய வந்து எடுத்துக்கலாமா?" என்றார். நின்றுகொண்டிருந்த இளைஞர் மரியாதையாகவே சொன்னார்: "அது முடியாதுங்க தாத்தா. யாருது எதுன்னு எப்டிங்க சொல்றது?"

சித்தப்பா கோபப்படவில்லை. வரிசையில் இருந்த நாலைந்து பேர் முணுமுணுத்தபோது அவர்தான் திரும்பிச் சொன்னார்: "நபிக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?" 2012 டிசம்பர் 9, சால்ட் லேக்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். கேலரியில் இருந்து வந்த கல் ரஹீம் நபியின் தலையில் பட்டு, அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள், ஆட்டமே நின்றுபோனது. அதற்கும் முன்னால் 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். அதே இரண்டு அணிகளின் ஆட்டத்தில் கேலரியில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். மேட்ச் பார்க்கப் போன பிள்ளைகள் அவர்கள். அவர்களை நினைத்தால் ஒரு கை நாணயம் பெரிதில்லை. சோதனை வேண்டும், கண்டிப்பாக வேண்டும்.

என் வாதம் வேறு. ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்துப் பொருளைத் திருப்பித் தர ஒரு மேசை போட முடியும். கோயில் வாசலில் செருப்புக்கு நடக்கிறது. பாட்டில் கூடாதென்றால் உள்ளே குடிதண்ணீர்க் குழாய் எல்லா கேலரியிலும் இருக்க வேண்டும். மார்ச் மாதப் புழுக்கத்தில் கப்பில் விற்கும் தண்ணீருக்காகக் குழந்தையோடு வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. சட்டம் போடுகிறவர் ஒருமுறையாவது அந்தக் கேலரியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். பழைய மைதானத்தில் ஒரே ஒரு சட்டம் இருந்தது, அது எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது, காப்பாற்றியவர்களும் நாங்களே. இன்றைய பட்டியலில் எது எதற்கென்று வாசலில் நிற்கிறவருக்கே சொல்லத் தெரிவதில்லை.

எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம் ஒன்று 2020-ல் வந்தது: யாருமே வரக் கூடாது. மார்ச் 14 அன்று ஃபடோர்டாவில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் கொல்கத்தாவிடம் 3-1 என்று இறுதியில் தோற்றோம். அடுத்த இரண்டு சீசனும் எல்லா ஆட்டமும் கோவாவிலேயே. அந்த நாட்களில் டிவியில் இடையிடையே கோச் கத்துவது கேட்கும். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கோச்சின் குரல் காதில் விழுகிறதே என்று சித்தப்பா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

2025-ல் சென்னையின் எஃப்.சி. கிளிஃபோர்ட் மிராண்டாவைக் கோச்சாக எடுத்தது, கோவாக்காரர். அதே வருடம் ஆகஸ்டில் காலித் ஜமீல் இந்திய அணிக்குக் கோச் ஆனார். நம் ஆளுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று இந்தியன் வங்கிக் காலத்தில் இருந்தே சொல்லி வந்தவர்களுக்கு அது நல்ல செய்தி. 1973-ல் கேரளாவுக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோச் சைமன் சுந்தர்ராஜ், நம் தஞ்சாவூர்க்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் கோல் அடித்தவர். அப்படிப்பட்டவர்களைக் கொடுத்த மாநிலத்தில் இந்தக் கோரிக்கைக்கு இவ்வளவு வருடம் ஆகியிருக்க வேண்டாம்.

கடைசியாக நடந்த சண்டை என் வீட்டில்தான். மகள் ஆரம்பித்தாள். "சின்னத் தாத்தா, லீக்ல மொதல்ல வந்தவனுக்குத்தான் கப்புன்னு நீங்க சொல்ற மாதிரி வெச்சிருந்தா நமக்கு 2014-ல ஒண்ணு வந்திருக்கும், இப்ப இருக்குற ரெண்டும் இருக்காது. 2015-ல மூணாவது வந்தோம், 2018-ல ரெண்டாவது. ரெண்டையும் குடுத்தது நாக்கவுட்தான்."

கணக்கு சரி. சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "கப்பு நம்ம வீட்ல இருக்குன்றதுக்காக விதி சரின்னு ஆயிடுமா? 2014-ல நமக்குப் பண்ணது தப்பு. 2018-ல பெங்களூருக்குப் பண்ணதும் அதே தப்புதான்."

"அப்ப கீழ எறக்குற விதியும் வேணும்னு சொல்வீங்க."

"வேணும்."

2023-ல் பஞ்சாபும் 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் கீழே இருந்து மேலே வந்தன. மேலே இருந்து கீழே போனவர் 2024-25 வரை யாரும் இல்லை. அந்த விதி முதலிலேயே இருந்திருந்தால் 2019-ல் ஒன்பது புள்ளியோடு இறங்கியிருக்க வேண்டியது நாம்தான். மகள் அதை எடுத்துச் சொன்னாள். "போவட்டும். கீழ போய் ஆடி, ஜெயிச்சு மேல வரட்டும். கோயம்புத்தூர்ல ஆடுன பசங்களுக்கு நாம பண்ணாததை அப்பவாச்சும் பண்ணுவோம். கீழ் லீக் மேட்ச்சுக்கும் போய் நிப்போம்" என்றார் சித்தப்பா.

இறுதிப் போட்டி இருக்கட்டும் என்பதில் நான் மகள் பக்கம். மெண்டோசாவின் கோலை எந்த அட்டவணையும் எனக்குக் கொடுத்திருக்காது. இறக்கும் விதியில் சித்தப்பா பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்து நடத்த முடியும். ஆஸ்திரேலிய ரக்பியில் இருந்து அமெரிக்கக் கூடைப்பந்து வரை இறுதிச் சுற்று உண்டு, ஐரோப்பியக் கால்பந்தில் இறக்கம் உண்டு. நமக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். மகள் அதற்குள் அடுத்த வாதத்துக்குப் போய்விட்டாள்: மிராண்டா இரண்டு ஸ்ட்ரைக்கரை வைத்து ஆட வேண்டுமா, ஒன்று போதுமா. சித்தப்பா ஒன்று போதும் என்கிறார். அவர் லெஃப்ட் பேக் அல்லவா, பின்னால் ஆள் குறைவது அவருக்கு எப்போதும் பிடிக்காது.